நேத்து கடினமா ஏதாவது செஞ்சீங்களா?

ஜூன் 9, திங்கள்

டாக்டர் ஹசீனா என் கழுத்தை இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்தார். "கட்டி கைக்குத் தட்டுப்படல. ஆனா என் கைய நம்பி முடிவு பண்ண முடியாது. பெட் ஸ்கேன் எடுத்துரலாம்" என்றார்.

நிணநீர்ப் புற்றுநோய் என்று பெயர் வைத்து மூன்று மாதம் ஆகிறது. மருந்து இரண்டு சுற்று ஏறிவிட்டது. தலைமுடி போனதில் வருத்தமில்லை. மீசை போனதுதான் வருத்தம். முப்பது வருடமாக மின்வாரியத்தில் அந்த மீசையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கம்பியில் திருட்டுக் கொக்கி போடாமல் இருந்தார்கள்.

வியாழக்கிழமை ஸ்கேன். கழுத்து சுத்தமாக இருந்தால் இதே மருந்து தொடரும். இல்லையென்றால் இதைவிடக் கடுமையான மருந்து, ஆஸ்பத்திரியிலேயே படுக்கை. ஆக வியாழக்கிழமை எனக்குப் பரீட்சை.

ஸ்கேன் எடுக்கும் ஸ்டெல்லா என்ற பெண் விளக்கினாள். "சர்க்கரையில கதிர்வீச்சு மருந்தக் கலந்து ஊசி போடுவோம் ஐயா. உடம்புல எந்த இடம் பசியோட இருக்கோ அது அந்தச் சர்க்கரையப் பிடிச்சுக்கும். கட்டிக்கு எப்பவும் பசி. வேல செஞ்ச தசைக்கும் பசி. அதனால முந்தின நாள் வேகமா நடக்குறது, எடை தூக்குறது ஒண்ணும் கூடாது. ராத்திரிக்கு அப்புறம் தண்ணியத் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது."

கோகிலம் இதையெல்லாம் தீபாராதனை பார்க்கிற முகத்தோடு கேட்டாள். லால்குடி பஸ்ஸில் வரும்போது என்னிடம் ஒருமுறை ஒப்பிக்கவும் சொன்னாள்.

கோகிலம் என் மனைவி. அவளுக்கு எல்லாச் சாமியும் வேண்டும். நான் இந்த ஊர்ப் பகுத்தறிவுப் படிப்பு வட்டத்தின் தலைவன். எப்படிக் குடும்பம் நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ஒப்பந்தப்படி. அவள் சாமிகள் சமையலறை அலமாரிக்குள் இருக்கும், கதவு மூடியிருக்கும். நான் வீட்டில் இருக்கும்போது மணி அடிக்கக் கூடாது. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் மீறியதில்லை, அவள்.

ஜூன் 10, செவ்வாய்

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி. தீப்பந்தம் கட்டலாம் என்று கழியை எடுத்தேன். கோகிலம் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கும் நாளைக்கும் கொடியில கெடக்குற துண்டக்கூட நீங்க எடுக்கக் கூடாது."

"ஸ்கேனுக்கு முந்தின நாள்தான் கூடாதுன்னா அந்தப் பொண்ணு."

"ஒரு நாள் சேர்த்து இருந்தா தேஞ்சா போயிருவீங்க?"

சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே, முருகனுக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். கேட்டுவிட்டுத்தான் போவாள், அதுவும் ஒப்பந்தம். "ஒன் முருகனுக்கு பெட் ஸ்கேன் பாக்கத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லு, டாக்டர் செலவாவது மிஞ்சும்" என்றேன். வழக்கமாகச் சிரித்துவிடுவாள். இன்று சிரிக்கவில்லை. வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சரியான தூக்கம் இல்லை. மதியம் இரண்டு காபி குடித்ததுதான் காரணம். பயமெல்லாம் ஒன்றும் கிடையாது. மனிதன் பிறக்கிறான், சாகிறான், எரிந்தால் சாம்பல். இதை எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். எதற்கும் எழுதி வைக்கிறேன்: பயம் இல்லை.

ஜூன் 11, புதன்

விடிகாலையில் படிப்பு வட்டத்துப் பாலகுரு வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். பார்க்கத்தான் செய்தேன், தொடவில்லை. அவர் வீட்டுக் குழாயடியில் வழுக்கி விழுந்ததில் முழங்கை இரண்டிலும் சிராய்ப்பு. வேட்டி நனைந்ததும் அங்கேதான். காதுக்குள் மண் எப்படிப் போனது என்று தெரியவில்லை.

உடம்பு வலிக்கிறது. மருந்தின் வேலையாக இருக்கும்.

ஜூன் 12, வியாழன்

ஸ்கேன் முடிந்தது.

விரலில் குத்தி சர்க்கரை பார்த்தார்கள். பிறகு ஸ்டெல்லா வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "ஐயா, நேத்து கடினமா ஏதாவது செஞ்சீங்களா? ஓட்டம், உடற்பயிற்சி, பாரம் தூக்குறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோகிலம் முந்திக்கொண்டாள். "ஒண்ணுமே செய்ய விடலம்மா. ஒரு துரும்பத் தூக்க விடல." சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வகுப்பில் சரியான விடை சொன்ன பிள்ளை மாதிரி.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நடந்தது.

ஊசி மருந்து ஈயப் பெட்டிக்குள் வந்தது. ஊசிக் குழலுக்கும் ஒரு கனமான உலோகச் சட்டை. எனக்குள் போகிற பொருளுக்கு அவர்கள் அவ்வளவு பயப்படுவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. போட்டு முடித்ததும் ஒரு மங்கலான அறையில் போர்வை போர்த்தி உட்கார வைத்தார்கள். அசையக் கூடாது, பேசக் கூடாது, போன் கிடையாது. பேசினால் தொண்டைத் தசை சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளுமாம். வாழ்நாளில் நான் ஒரு மணி நேரம் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. தோள்பட்டை இரண்டும் விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் ஆகிவிட்டது, ஒரு நாள் ஆகிவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பிறகு அந்த வளையத்துக்குள் படுக்கப் போட்டு உள்ளே தள்ளி வெளியே இழுத்தார்கள். கையைத் தலைக்கு மேலே நீட்டச் சொன்னபோது எனக்குத் திக்கென்றது.

ஜூன் 13, வெள்ளி

மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போயிருந்தது, மாற்றினேன். வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 14, சனி

டாக்டர் ஹசீனா திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வெள்ளைப் பின்னணியில் என் உருவம் சாம்பல் நிறத்தில் நின்றது. எங்கெல்லாம் சர்க்கரை பிடித்ததோ அங்கெல்லாம் கறுப்பு. மூளை கறுப்பு, சிறுநீர்ப்பை கறுப்பு. அது எல்லோருக்கும் அப்படித்தானாம். ஆனால் எனக்குக் கழுத்தின் இரண்டு பக்கமும், தோளும், முதுகும், இடுப்பும் கரி பூசின மாதிரி இருந்தன.

கோகிலம் "முருகா" என்றாள். என் முன்னால், சத்தமாக. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவை.

"பயப்படாதீங்கம்மா" என்றார் டாக்டர். "இது கட்டி இல்ல, தசை. ஆனா கழுத்துத் தசை இவ்வளவு கறுப்பா இருக்கறதால பின்னால கட்டி கரைஞ்சுதா இல்லையான்னு பாக்க முடியல. ரத்தத்துலயும் தசை அடிபட்டதுக்கான அளவு கூடியிருக்கு. கடினமா வேல செஞ்சிருந்தா இப்படி வரும். ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முந்தின நாள் ஏதாவது செஞ்சீங்களா?"

"இல்லை" என்றேன்.

"அப்போ நாம குடுக்கற மருந்தே தசையைத் தாக்குதோன்னு நான் சந்தேகப்படணும். தோள்ல இருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பாக்கலாம். செவ்வாய்க்கிழமை வாங்க. அது தெரியற வரைக்கும் அடுத்த மருந்து வேண்டாம், நிறுத்தி வைப்போம்."

நிறுத்தி வைப்போம் என்ற சொல் கேட்டும் என் வாய் திறக்கவில்லை.

சரி. எழுதிவிடுகிறேன். புதன்கிழமை விடிகாலை நான் பாலகுரு வீட்டுக்குப் போகவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துக் கொள்ளிடத்துக்கு அக்கரையில் ஒரு முருகன் கோயிலுக்குப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். என்னை ஒருவருக்கும் தெரியாத ஊர். குழாயடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு கொடிமரத்துக்கு முன்னால் படுத்து, கையைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு, வெளிப் பிரகாரம் முழுக்க ஒரு சுற்று உருண்டேன். அங்கப்பிரதட்சணம். எந்தப் பழக்கத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று மேடை மேடையாக நான் கிழித்தேனோ அதையே. இதை இந்த நோட்டில்கூட எழுதக் கை வராமல் மீட்டர், குழாயடி என்று எனக்கே கதை விட்டிருக்கிறேன்.

ஸ்கேனுக்குள் ஒரு நாள் கழிந்துவிடும், தசை தூங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். லைன் ஆஃப் ஆகிவிட்டதா என்று சோதிக்காமல் கம்பத்தில் ஏறுகிறவனை நான் எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

இப்போது கேள்வி இதுதான். உண்மையைச் சொன்னால் மருந்து நிற்காது, தோளைக் கிழிக்க வேண்டாம். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். ஆனால் அதை கோகிலத்தின் முன்னால் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் என் தோளையே கிழித்துக்கொள்ளட்டும் என்று தோன்றுகிறது. இப்படி ஒரு கேவலமான மனது எனக்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

ஜூன் 15, ஞாயிறு

படிப்பு வட்டக் கூட்டம். போகாமல் இருந்திருக்கலாம். போனேன்.

பாலகுரு எனக்குப் பிறகு வட்டத்தின் தூண். நல்ல மனிதர், மைக்கைக் கண்டால் மட்டும் விட மாட்டார். இன்று பிடித்துக்கொண்டார். "தோழர்களே, நம்ம நம்பி அண்ணனப் பாருங்க. சாதாரணக் காய்ச்சலுக்கே மஞ்சத் துணியில காசு முடியிற நாடு இது. புற்றுநோய் வந்தும் எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காத மனுஷன் இவரு. மரணத்த நேருக்கு நேரா பாத்துச் சிரிக்கிறாரு!"

கைதட்டல். சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினார். போர்த்தும்போது தோளில் கை பட்டது, "ஸ்" என்று முனகிவிட்டேன். "அண்ணன் எவ்வளவு வேதனைய மறைச்சுக்கிட்டு நிக்கிறாரு பாருங்க" என்று அதையும் மைக்கில் சொன்னார். இன்னொரு கைதட்டல்.

சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பை யாராவது படம் எடுத்திருப்பார்கள்.

ஜூன் 16, திங்கள்

மதியம் சாப்பாடு போட்டுவிட்டு கோகிலம் எதிரே உட்கார்ந்தாள். அவள் தட்டு வைக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன், திட்டாதீங்க."

"சொல்லு."

"புதன்கிழம ராத்திரி, பசிக்குதுன்னு பொரண்டுக்கிட்டே இருந்தீங்க. நேரமாயிருச்சு, தண்ணியத் தவிர குடுக்கக் கூடாதுன்னு தெரியும். மனசு கேக்கல. அரை வாழப்பழம் உரிச்சுக் குடுத்தேன். அரைத் தூக்கத்துல சாப்ட்டீங்க. ஒங்களுக்கே ஞாபகம் இருக்காது. அதான் சர்க்கரை தசைக்குள்ள போயிருச்சு. என்னாலதான் இத்தனையும்."

எனக்கு உண்மையிலேயே ஞாபகமில்லை. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட்டாளாம். "நாளைக்கு டாக்டர்கிட்டயும் நானே சொல்லிர்றேன். தப்பு செஞ்சவ நானு. ஒங்க ஒடம்புல கத்தி வெக்கிறாங்களே."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை. "அரைப் பழத்துக்கெல்லாம் இப்படி ஆகாது, அழாதே" என்றேன். பெரிய மனது பண்ணி மன்னித்தவன் மாதிரி அவள் தோளில் வேறு தட்டிக்கொடுத்தேன். ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன்.

அரை வாழைப்பழத்தை மறைக்க முடியாமல் அவள் ஊருக்கெல்லாம் போன் போடுகிறாள். நான் ஒரு கோயிலையே முழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்து, தோளில் பழுப்பு நிற மருந்தைத் தடவிவிட்டார்கள். மரத்துப்போகிற ஊசி தட்டில் தயாராக இருந்தது. டாக்டர் ஹசீனா கையுறை போட்டுக்கொண்டு வந்தார். கோகிலம் வெளியே போகாமல் கதவருகே நின்றாள்.

"டாக்டர், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று தொடங்கினாள். வாழைப்பழக் கதை முழுக்கச் சொன்னாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் அவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. நியாயமாக எனக்கு வரவேண்டிய பார்வை அது. அவள் கைகட்டி நின்று வாங்கிக்கொண்டாள்.

"ராத்திரி சாப்பிட்ட அரைப் பழத்தால இப்படி வராதும்மா."

"இல்ல டாக்டர், என்னாலதான். வேற எதுவும் நடக்கல. அவரு அசையவே இல்ல."

"அவ இல்ல டாக்டர்" என்றேன். "நான்தான். புதன்கிழம காலையில கோயில்ல உருண்டேன்."

டாக்டருக்கு ஒரு கணம் புரியவில்லை. "எங்க உருண்டீங்க?"

"அங்கப்பிரதட்சணம். வெளிப் பிரகாரம், ஒரு சுத்து."

கோகிலத்தின் பக்கம் நான் திரும்பவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கையுறையைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ரெண்டு தடவ கேட்டோமே ஐயா. ஒங்க தோள்ல கத்திய வெச்சிருப்பேன். அதுகூடப் பரவால்ல, வேல செய்யற மருந்த நிறுத்தியிருப்பேன். ஒங்க உயிரு அது." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. "ஒரு வாரம் நல்லா ஓய்வெடுங்க. மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம்."

கோகிலம் பக்கத்தில் வந்தாள். சாமி கும்பிட்டதைக் கேட்பாள், ஒப்பந்தத்தைக் கேட்பாள், இத்தனை வருடக் கிண்டலுக்கும் இன்று சேர்த்துத் திருப்பிக் கொடுப்பாள் என்று காத்திருந்தேன்.

"ஈர வேட்டியோடவா?" என்றாள். "ரத்த அணு கொறஞ்சிருக்கு, சளி புடிக்கக் கூடாதுன்னு டாக்டர் தலப்பாடா அடிச்சுக்கிட்டாங்களே. அதக்கூட கேக்காம?"

படித்துப் படித்துப் பகுத்தறிவு பேசியவன் நான். டாக்டர் சொன்னதை நம்பியது அவள்.

வீட்டுக்கு வந்து, காபியை என் முன்னால் வைத்துவிட்டு நின்றாள்.

"உருள்றப்போ பக்கத்துல யாரு வந்தா?"

"என்ன?"

"தனியா உருள முடியாது. திச மாறிப் போகும், செவுத்துல இடிக்கும். வேட்டி அவுறும். கூட ஒருத்தர் நடந்து வரணும். யாரு வந்தா?"

உண்மையைச் சொன்னேன். தெரியாத ஒரு அம்மாள். தன் மகனுக்காக வந்திருந்தவர். நான் பாதியில் தூணில் முட்டி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து வந்தார். "இந்தப் பக்கம் திரும்புப்பா, இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே கடைசி வரைக்கும் கூட நடந்தார். வேட்டி விலகினபோது தன் துண்டைப் போட்டு மூடினார். எழுந்ததும் முதுகு மண்ணைத் தட்டிவிட்டார். பெயர்கூட நான் கேட்கவில்லை.

கோகிலம் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சுவரில் சாய்ந்து அழுதாள். நேற்று மதியம் அழுத அழுகை அல்ல இது. எழுப்பிச் சொல்லியிருந்தால் அவள் வந்திருப்பாள். செருப்புகூடப் போடாமல் வந்திருப்பாள். நான் யாரோ ஒருத்தரை வர விட்டேன், அவளை விடவில்லை. இதுதான் நான் செய்த காரியம். கோயிலுக்குப் போனது ஒன்றுமே இல்லை.

ஜூன் 19, வியாழன்

பாலகுருவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "ஆய்வுக்காகப் போனதா வெச்சுக்கலாம் அண்ணே" என்றார். நல்ல மனிதர். வேண்டாம், உள்ளபடியே வட்டத்தில் சொல்லிவிடுங்கள், தலைவர் பதவிக்கு வேறு ஆள் பாருங்கள் என்றேன். சால்வையைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

மறுபடி ஸ்கேன். ஸ்டெல்லா அதே நாற்காலியை இழுத்துப் போட்டு அதே கேள்வியைக் கேட்டாள். கோகிலம் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காக உறுதி சொல்கிற தைரியம் அவளுக்கு இப்போது இல்லை. "எதுவும் செய்யலம்மா" என்று நானே சொன்னேன். உண்மைதான். ஆனால் பொய் மாதிரி ஒலித்தது.

ஜூன் 25, புதன்

கழுத்து சுத்தம். தோள், முதுகு எல்லாம் வெளுத்துவிட்டது. டாக்டர் ஹசீனா திரையில் விரல் வைத்துக் காட்டினார்: மூன்று மாதம் முன்பு கட்டி இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. இதே மருந்து போதும். வெள்ளிக்கிழமை அடுத்த சுற்று. கோகிலம் டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் குளித்து, பச்சைப் புடவை கட்டி, அர்ச்சனைத் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். "கோயிலுக்குப் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்கவில்லை. "போயிட்டு வர்றேன்" என்றாள்.

நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"நானும் வரட்டுமா, கோகிலம்?"

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கேலியும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உதவிக்கு வருகிறேன் என்று சொன்னால் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "நான் தனியாப் போயே பழகிட்டேன்."

கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். நான் சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.